டோடோய் சாகவில்லை, ஒரு சென்டிமீட்டர் குறைந்திருக்கிறான்

இலோய்லோ
ஞாயிறு, பூசை முடிந்து வந்த கையோடு

மதிப்பிற்கும் அன்பிற்கும் உரிய மைத்துனர் அனாக்லெட்டோ அவர்களுக்கு, தங்கள் தங்கை ரெமெடியோஸின் கணவனும் தங்கள் மேல் என்றும் மரியாதை குறையாதவனுமாகிய செவெரினோ வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான், ரெமி, மகள் பெர்லிட்டா, பன்றிகள் இரண்டு, எல்லோரும் சௌக்கியம். கடலிலும் கப்பல் சமையலறையிலும் தாங்கள் சௌக்கியமாக இருக்கக் குழந்தை ஏசுவை வேண்டிக்கொள்கிறோம்.

முக்கியமான செய்தியை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தங்கள் தம்பி டோடோய் சாகவில்லை. இதை எழுதும்போது அவன் அடுப்படியில் நின்று நேற்றைய சோற்றைப் பூண்டு போட்டு வறுத்துக்கொண்டிருக்கிறான், வாசனை இங்கு வரை வருகிறது. அவனுக்காகத் தாங்கள் கப்பலில் மெழுகுவத்தி ஏற்றியதும், மாலுமிகள் தொப்பியைக் கழற்றி மௌனமாக நின்றதும், அன்றைய சூப்பில் தாங்கள் உப்புப் போட மறந்ததும் கேள்விப்பட்டு மிகவும் வருந்தினோம். ரெமி போனில் விளக்கப் பார்த்தாள். அவள் அழ, தாங்கள் திட்ட, நடுவில் கடல் வேறு இரைய, ஒன்றும் விளங்கவில்லை. ஆகவே கடிதமாக எழுதுகிறேன். கடிதத்தில் யாரும் குறுக்கே பேச முடியாது. நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன். தப்பு யார் மேல் என்பதையும் எழுதுகிறேன், அது நான் இல்லை.

டோடோய் தீயணைப்புப் படையில் சேர வேண்டும் என்பது தங்களின் பல வருட ஆசை. இளவயதில் தாங்கள் அதே படைக்குப் போய், அரை விரல் உயரம் போதாமல் திருப்பி அனுப்பப்பட்டு, அந்த ஆத்திரத்தில்தான் கப்பலேறினீர்கள் என்பது நமக்குத் தெரிந்த விஷயம். ஊருக்கு வரும்போதெல்லாம் இரண்டாவது பாட்டில் திறந்ததும் அதைத்தான் சொல்வீர்கள். தாங்கள் விட்டதைத் தம்பியாவது பிடிக்க வேண்டும் என்று முடிக்கும்போது கண் கலங்கும். ஆள் எடுக்கிறார்கள் என்று அறிவிப்பு வந்ததும் நாங்களும் அதை வீட்டு வேலையாகவே எடுத்துக்கொண்டோம். ஓட்டம், தண்டால், கண், பல் எதிலும் டோடோய்க்குக் குறையில்லை. உயரத்தில்தான் சந்தேகம். நூற்று ஐம்பத்தேழு சென்டிமீட்டர் வேண்டும், துளி குறைந்தாலும் வீட்டுக்குப் போ என்பார்கள்.

சந்தேகத்தைத் தீர்க்க நானே அவனைக் கதவோரம் நிற்கவைத்து, ரெமியின் தையல் டேப்பால் அளந்தேன். நூற்று ஐம்பத்தெட்டு! அன்று மாலையே ரெமி பன்சிட் நூடுல்ஸ் கிளறினாள், அக்கம்பக்கமெல்லாம் வந்து சாப்பிட்டார்கள், தங்களுக்குப் போன் போட்டதில் தாங்களும் கப்பல் முழுக்கச் சொல்லிக் கேக் வெட்டினீர்கள். டோடோய் மட்டும் ஒரு வாய்க்கு மேல் சாப்பிடவில்லை. சந்தோஷத்தில் தொண்டை அடைத்துவிட்டது என்று நினைத்தோம். எல்லோரும் சாப்பிட்டு ஏப்பம் விட்ட பிறகு பெர்லிட்டா அந்த டேப்பைக் கையில் எடுத்துக்கொண்டு வந்தாள்.

பெர்லிட்டாவைப் பற்றி இங்கே கொஞ்சம் சொல்லியாக வேண்டும். இப்போது ஏழாம் வகுப்பு. அவர்கள் அறிவியல் டீச்சர் இந்த வருடம் 'உற்றுநோக்குதல், அளவிடுதல்' என்று ஒரு பாடம் நடத்தினாலும் நடத்தினார், வீட்டில் யாரும் நிம்மதியாக ஒரு வாக்கியம் பேச முடிவதில்லை. எதையும் மூன்று தடவை அளக்க வேண்டுமாம். கோடு இருக்கும் மட்டத்துக்குக் கண் இருக்க வேண்டுமாம். எண்ணைச் சொன்னால் கூடவே அலகையும் சொல்ல வேண்டுமாம். எல்லாவற்றுக்கும் மேலே, கண்ணால் பார்த்தது வேறு, மனசால் நினைத்துக்கொண்டது வேறு, இரண்டையும் கலக்கவே கூடாதாம். நான் மூன்றுசக்கர வண்டி பழுது பார்க்கும் கடையில் வைத்திருந்த இரும்பு டேப்பை எடுத்துக்கொண்டு போனவள் திருப்பித் தரவில்லை. ரெமி போன் செய்து "எங்க இருக்கீங்க?" என்று கேட்டால் "பக்கத்துல வந்துட்டேன்" என்று சொல்வது எல்லா ஆண்களுக்கும் உள்ள வழக்கம்தானே. இவள் அதையும் அளந்துவிட்டு வந்து சாப்பாட்டு மேசையில் சொல்கிறாள்: "அம்மா, அப்பா சொல்ற 'பக்கத்துல'ன்னா ரெண்டே கால் கிலோமீட்டர்."

அடுத்து சோற்றுப் பானைக்கு வந்தாள். அரிசிக்கு மேல் விரலின் முதல் கணு வரை தண்ணீர் வைப்பது நம் எல்லோர் வீட்டிலும் உள்ளதுதான். இவள் எங்கள் எல்லோருடைய கணுவையும் அளந்தாள். ரெமிக்கு ஒரு அளவு, எனக்கு அதைவிட நீளம், டோடோய்க்கு நடுவில். "அப்போ இதுல யாரு விரல் சரி?" என்று கேட்டாள். "சோறு குழையாம வந்தா அந்த விரல் சரி. போய் வெங்காயம் உரி" என்றாள் ரெமி. நான் சமைக்கும் நாளில் ஏன் கஞ்சியாகிறது என்று அன்றுதான் வீட்டுக்குத் தெரிந்தது. எனக்கும்தான்.

அப்படிப்பட்டவள் விருந்து முடிந்த நேரத்தில் டேப்பை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். "அப்பா, இது எங்க ஆரம்பிக்குது பாருங்க." பார்த்தேன். இரண்டில் ஆரம்பிக்கிறது. நுனி பிய்ந்துபோய்த் தொல்லை கொடுக்கிறது என்று ரெமி எப்போதோ இரண்டு சென்டிமீட்டரைக் கத்தரித்துப் போட்டிருக்கிறாள். "பூஜ்யத்துலேருந்து ஆரம்பிக்குதான்னு பாக்காம அளக்கக் கூடாதுப்பா." இரும்பு டேப்பால் அளந்தாள், மூன்று தடவை. நூற்று ஐம்பத்தாறு. நான் ரெமியைப் பார்த்தேன். ரெமி, "நான் சட்டை தைக்க வெச்சிருந்த டேப்பு. ஆளை அளக்கச் சொல்லி யாரு கேட்டா?" என்று எழுந்து போய்விட்டாள். சாப்பிட்டுப் போனவர்களிடம் பன்சிட்டைத் திருப்பிக் கேட்க முடியுமா? தங்களிடம் கேக்கைத் திருப்பிக் கேட்க முடியுமா? அதனால்தான் அப்போது தங்களுக்குச் சொல்லவில்லை.

இந்த நிலைமையில்தான் தங்கள் சோலெங் அத்தை உள்ளே புகுந்தார். ஒரு சென்டிமீட்டர் குறைகிறது என்று கேள்விப்பட்டதும், "பின்ன எப்படி வளருவான்? புத்தாண்டு பொறக்கற நேரத்துல எல்லாப் பிள்ளைங்களும் வளரணும்னு குதிச்சுதுங்க. இவன் மட்டும் பாயில கெடந்து தூங்கினான். நான் அப்பவே எழுப்பச் சொன்னேன்" என்றார். அத்தை, அவனுக்கு இருபத்து நாலு வயது என்றேன். "குதிக்கறதுக்கு என்னப்பா வயசு?" என்று என் வாயை அடைத்துவிட்டு, விட்டுப்போன குதியலை மார்ச் மாதத்தில் வட்டியோடு குதிக்கவைத்தார். கையில் காசைக் குலுக்கிக்கொண்டு குதிக்க வேண்டும், புள்ளி போட்ட சட்டை போட்டுக்கொண்டு குதிக்க வேண்டும் என்று எல்லா முறையும் செய்தார். மூங்கில் தரை அவனைப் பொறுத்துக்கொண்டது கொஞ்ச நேரம்தான். ஒரு கால் தரைக்குக் கீழே பன்றித் தொழுவத்துக்குள் போய்விட்டது. பெர்லிட்டா அந்த நிலையிலேயே அளக்க வந்தாள், நான்தான் விரட்டினேன்.

பிறகு ஒரு நாள் காலையில் பெர்லிட்டா குதித்துக்கொண்டு ஓடிவந்தாள். மனிதர்கள் காலையில் கொஞ்சம் உயரமாகவும் சாயங்காலம் கொஞ்சம் குள்ளமாகவும் இருக்கிறார்களாம். நாள் முழுக்க நிற்பதிலும் உட்காருவதிலும் முதுகெலும்பு அமுங்குகிறதாம். எங்கள் எல்லோரையும் காலையும் மாலையும் அளந்தே கண்டுபிடித்துவிட்டாள். எனக்கும் ரெமிக்கும் அரை சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே வித்தியாசம். டோடோய்க்கு மட்டும் ஒன்றரை! படுக்கையிலிருந்து எழுந்த கையோடு அளந்தால் நூற்று ஐம்பத்தேழரை. "மாமாவுக்கு மட்டும் ஏன் இவ்ளோ?" என்று அவள் அதிலேயே நின்றாள். நாங்கள் அதைக் காதில் போட்டுக்கொள்ளவில்லை. வழி கிடைத்துவிட்டது, அது போதும். எழுந்த ஆளை உட்காரவிடாமல், நிற்கவிடாமல், படுக்கவைத்தபடியே தீயணைப்பு நிலையம் கொண்டுபோய், அங்கே நேராக அளவுகோலடியில் நிறுத்திவிட வேண்டும்.

படுக்கவைத்துக் கொண்டுபோக வண்டி வேண்டுமே. ஜீப்னி பஸ்ஸில் படுத்தால் மேலே நாலு பேர் உட்கார்ந்துவிடுவார்கள். பேட்டை ஆம்புலன்ஸ் கூடைப்பந்துக் குழுவை ஏற்றிக்கொண்டு போட்டிக்குப் போயிருந்தது. மிச்சம் இருந்தது ஒன்றே ஒன்று, நம் இசிடோரோவின் சவ வண்டி. அதன் இஞ்சினுக்கு நான்தான் வைத்தியம் பார்க்கிறேன், அதனால் மறுக்கவில்லை. "பொட்டி இல்லாம ஆளை மட்டும் ஏத்தறது இதுதான் மொதல் தடவ" என்றான். வெள்ளை வண்டி, பக்கமெல்லாம் கண்ணாடி. பெட்டியைச் சுலபமாகத் தள்ளத் தரையில் உருளைகள் உண்டு. பாய் விரித்து டோடோயைப் படுக்கவைத்ததும், இசிடோரோ பிரேக் போடும்போதெல்லாம் அவன் ஓட்டுநர் இருக்கை வரை போய் முட்டிக்கொண்டு, வண்டி கிளம்பியதும் பின்கதவு வரை திரும்பி வந்தான். "அத்தான், நான் நடந்தே வந்துடறேனே" என்று கெஞ்சினான். "பேசாதடா, பேசினா சுருங்கிடப் போறே" என்றேன்.

இப்போது வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு எப்படித் தெரிந்திருக்கும் என்று யோசியுங்கள் மச்சான். கூரை தாழ்வு என்பதால் நானும் பெர்லிட்டாவும் இரண்டு பக்கமும் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறோம். அவன் உருளாமல் இருக்க நான் அவன் காலைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். முன்னால் சோலெங் அத்தை ஜெபமாலை உருட்டுகிறார், தேர்வில் ஜெயிக்கத்தான். சந்தைத் தெருவில் எல்லோரும் சிலுவை போட்டுக்கொண்டார்கள். மீன் விற்கிறவர் கத்தியைக் கீழே வைத்துவிட்டுத் தொப்பியைக் கழற்றினார். தங்கள் பெரியப்பா மகள் நெனிட்டா போட்டோ எடுத்துவிட்டாள். "டோடோய் நம்மை விட்டுப் போனான், கடைசி வரை அழகு" என்று ஃபேஸ்புக்கில் போட்டவள் அவள்தான். அந்தப் போட்டோதான் தங்கள் கப்பலுக்கு வந்தது. போட்டோவில் அவன் கண் மூடியிருந்ததற்குக் காரணம் வெயில்.

அது கூடப் பரவாயில்லை. நகரத்துக்குள் நுழையும்போது சோலெங் அத்தை திடீரென்று, "வண்டிய நிறுத்து" என்றார்.

"என்ன அத்தை?"

"சவ வண்டியில வந்துட்டு நேரா போய் எறங்கறதா? கூட வர்றது கூடவே எறங்கிடும். நடுவுல எங்கயாவது காலை வெச்சு உதறிட்டுத்தான் போகணும்."

"அது சாவு வீட்டுக்குப் போய்ட்டு வந்தாத்தானே? இங்க யாரு செத்தா?"

"இந்த வண்டியில இதுவரைக்கும் எத்தனை பேர் போயிருப்பாங்க! அதுல ஒண்ணு இவன் தோள்ல ஒக்காந்தா ஒரு சென்டிமீட்டர் கூடுமா கொறையுமா, நீயே சொல்லு."

இசிடோரோவும், "அத்தை சொல்றது நெஜம். நானே தெனமும் எங்கயாவது நின்னு ஒரு வாய் சாப்ட்டுத்தான் வீட்டுக்குப் போவேன்" என்றான். அவன் பருமனுக்கு அதுதான் காரணம் போலிருக்கிறது. பெர்லிட்டா மட்டும் கத்தினாள்: "உக்காந்தா அமுங்கிடும்! மாமா உக்காரக் கூடாது!" சரி, டோடோய் மட்டும் வண்டியிலேயே படுத்திருக்கட்டும் என்றால், உதற வேண்டியவனே அவன்தான் என்கிறார் அத்தை. கடைசியில் சாலையோரப் பட்சோய்க் கடையில் நிறுத்தி, பெஞ்சில் அவனை நீளப் படுக்கவைத்து, படுத்தவாக்கில் நூடுல்ஸ் சூப்பைக் கரண்டியால் ஊட்டினோம். கடைக்காரி, "பொணம் சாப்புடுது!" என்று அலறிக்கொண்டு பின்கட்டுக்கு ஓடினாள். சூப்பு மூக்கில் ஏறி, டோடோய் எழுந்து உட்கார்ந்துவிட்டான். உட்கார்ந்தவன் உட்கார்ந்தவன்தான். ஆற அமர இரண்டு கிண்ணம் சாப்பிட்டான், மேலே எலும்பு மஜ்ஜை வேறு கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டான். பெர்லிட்டா பக்கத்தில் நின்று, "போச்சு, போச்சு" என்று சொல்லிக்கொண்டே இருந்தாள்.

நிலையத்தில் எல்லாப் பையன்களையும் பனியனும் அரைக்கால் சட்டையுமாக வரிசையில் நிறுத்தியிருந்தார்கள். அளந்த அதிகாரி நல்ல மனிதர். டோடோயின் முறை வந்ததும் நாங்கள் எல்லோரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு அளவுகோலின் மேல் நுனியையே பார்த்தோம். அவனுக்காக நானும் நுனிக்காலில் எக்கினேன். அதிகாரி பலகையை இறக்கி, கண்ணைக் கோட்டுக்கு நேராக வைத்துப் பார்த்தார். பெர்லிட்டா சொல்லிக்கொடுத்த மாதிரியே அவ்வளவு சரியாகப் பார்த்தார், அதுதான் வினை. நூற்று ஐம்பத்தாறு. "இன்னொரு தடவை பாருங்க சார்" என்றேன். பார்த்தார். அதே நூற்று ஐம்பத்தாறு. "அடுத்த வருஷம் வா தம்பி" என்று முதுகில் தட்டினார். அந்தத் தட்டில் இன்னும் கொஞ்சம் அமுங்கியிருப்பான்.

ஆகவே மச்சான், தாங்கள் கோபப்படுவதென்றால் சரியான இடத்தில் கோபப்பட வேண்டும். ரெமி மேல் கோபப்படாதீர்கள், டேப்பு அவள் டேப்பு. என் மேல் கோபப்படாதீர்கள், வண்டி ஏற்பாடு செய்தவன் நான். பெர்லிட்டா மேல் கோபப்படவே கூடாது, அவள் சொன்னதைக் கேட்டிருந்தால் இன்று தங்கள் தம்பி சிவப்பு வண்டியில் தொங்கிக்கொண்டு போயிருப்பான். எல்லாம் சோலெங் அத்தையின் இரண்டு கிண்ணம் சூப்பினால் வந்தது. அவனுக்கு எப்படி இருக்கும் என்று நினைத்தால் எனக்கு நெஞ்சு வலிக்கிறது. திரும்பி வரும்போது வழியெல்லாம் பாட்டுப் பாடிக்கொண்டே வந்தான், துக்கத்தை மறைக்கத்தான். அடுத்த வருடத்துக்குத் திட்டம் போட்டுவிட்டேன். நிலையத்துக்குப் பக்கத்திலேயே அறை எடுத்து, கட்டிலோடு தூக்கிக்கொண்டு போய் நிறுத்திவிடுவோம். அதுவரை தினமும் காலையில் பலா மரக் கிளையில் தொங்கச் சொல்லியிருக்கிறேன். தங்கள் கனவு வீண் போகாது, நான் பொறுப்பு.

கடல் தங்களுக்கு அமைதியாக இருக்கட்டும், அடுப்பு அணையாமல் இருக்கட்டும், கப்பல் தலைவருக்குப் பசி எடுத்துக்கொண்டே இருக்கட்டும். ரெமி தன் அன்பைத் தெரிவிக்கச் சொன்னாள். சோலெங் அத்தை ஆசீர்வாதம் சொல்கிறார். அதை வாங்கிக்கொள்வதும் விடுவதும் தங்கள் விருப்பம்.

என்றும் தங்கள் நலம் நாடும்
மைத்துனன்
செவெரினோ

பி.கு.: உறையில் போடுவதற்கு முன் எழுத்துப் பிழை பார்க்கச் சொல்லிப் பெர்லிட்டாவிடம் கொடுத்தேன். படித்துவிட்டு, "அப்பா, இதுல நீங்க பாத்தது எது, நெனச்சது எதுன்னு பிரிக்கவே இல்லையே" என்றாள். எல்லாம் பார்த்ததுதான் என்றேன். "சூப்புல சுருங்கினாருன்னு எழுதியிருக்கீங்க, அது நெனச்சது. துக்கத்துல பாடினாருன்னு எழுதியிருக்கீங்க, அதுவும் நெனச்சது. நான் பாத்தது வேற" என்றாள். நிலையத்தில் நாங்கள் எல்லோரும் மேலே பார்த்துக்கொண்டிருந்தோம் அல்லவா, இவள் பெரியவர்களுக்குப் பின்னால் மாட்டிக்கொண்டதால் இடுப்புக்கு மேல் ஒன்றும் தெரியவில்லையாம். கீழேதான் பார்த்திருக்கிறாள். வீட்டில் எப்போதும் தொளதொளவென்று முழுக்கால் சட்டை போட்டுக்கொண்டு அளவுக்கு நிற்பவன், அங்கே அரைக்கால் சட்டையில் நின்றான். "மாமா ரெண்டு முட்டியையும் மடிச்சுக்கிட்டு நின்னாருப்பா."

ஏன்டி அங்கேயே சொல்லவில்லை என்று கத்தினேன். "ஒரு தடவை பாத்ததை வெச்சு முடிவு சொல்லக் கூடாது. வீட்டுக்கு வந்து இன்னும் ரெண்டு தடவை அளந்து பாத்தேன். ரெண்டு தடவையும் மடிச்சாரு" என்றாள்.

டோடோயைக் கூப்பிட்டேன். வறுத்த சோற்றுக் கரண்டியோடு வந்தான். முதலில் சிரித்தான், பிறகு தரையைப் பார்த்தான். "ஏணியில நாலு படி ஏறினாலே எனக்குக் கால் நடுங்கும் அத்தான். மொத நாள் மடிச்சு நின்னும் நூத்தி ஐம்பத்தெட்டுன்னு வந்துடுச்சு, பயந்துட்டேன். காலைல தூக்கக் கலக்கத்துல சரியா மடிக்க முடியல. நெலையத்துலதான் ஒழுங்கா மடிச்சேன்." இதை அண்ணனிடம் சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று கேட்டேன். "அண்ணன் அத எத்தனை வருஷமா சொல்லி அழுவாரு, நீங்களே பாத்திருக்கீங்களே. தீயக்கூட அணைச்சுடலாம் அத்தான். அவரு மூஞ்சப் பாத்து எனக்கு வேணாம்னு எப்படிச் சொல்றது?" என்றான். சொல்லும்போது அவன் குரல் கம்மிவிட்டது. எனக்கும்தான்.

இப்போது சாயங்காலம். நாள் முழுக்க நின்று வேலை செய்து அமுங்கிய நேரம். பெர்லிட்டா கதவோரம் நிறுத்தி, முட்டியைக் கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, இரும்பு டேப்பால் மூன்று தடவை அளந்தாள். மூன்று தடவையும் நூற்று அறுபது. வேண்டாம் என்றதையும் சேர்த்து இதையெல்லாம் அப்படியே எழுதச் சொன்னது டோடோய்தான். எழுதி முடித்து நிமிர்ந்து பார்க்கிறேன், அளந்த இடத்தை விட்டு அவன் இன்னும் நகரவில்லை, முட்டியை மடக்காமல் நின்றுகொண்டிருக்கிறான். சீக்கிரம் ஒரு பதில் போடுங்கள், மச்சான்.